காற்றே இல்லாத காலையில் வந்த மருந்து

செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் தோட்டம். தக்காளி, கத்தரி, ஒரு அவரைப் பந்தல், வேலியோரம் இரண்டு பப்பாளி. தை மாதக் கடைசியில் பக்கத்து நவரை நெல்லுக்குக் களைக்கொல்லி அடித்தார்களாம். மறுநாளே தக்காளி இலைகள் கீழ்நோக்கித் தொங்கிவிட்டன, காம்புகள் முறுக்கிக்கொண்டன. இரண்டு வாரம் கழித்து வந்த புது இலைகள் நாடா போல ஒல்லியாக வந்தன. நிலத்துக்காரரிடம் கேட்டதற்கு, "ஓர் இலைகூட அசையாத விடியக்காலையா பாத்துத்தாம்மா அடிச்சேன்" என்றிருக்கிறார். மாமியார், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று வேலியில் படிகாரம் கட்டியிருக்கிறார். "காற்றே இல்லாமல் மருந்து எப்படி வேலி தாண்டி வரும்? ஒருவேளை இது வேறு ஏதாவது நோயா?" இதுதான் அவர் கேள்வி.

நிலத்துக்காரர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அவர் நல்லது என்று நினைத்துத் தேர்ந்தெடுத்த அந்த அசையாத காலைதான் தோட்டத்தைக் கெடுத்திருக்கிறது.

முதலில் நோயா என்று பார்த்துவிடுவோம். தக்காளியில் இலை சுருண்டால் பலரும் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வைரஸ் வந்த செடியில் இலை மேல்நோக்கிக் கிண்ணம் போலக் குவியும், ஓரம் மஞ்சளாகும், செடி குட்டையாக நின்றுவிடும். ஒரு செடியில் வரும், பக்கத்துச் செடியில் வராது. பிறகு மெதுவாகப் பரவும். இவர் சொல்வது வேறு. தக்காளி, அவரை, பப்பாளி என்று ஒன்றுக்கொன்று உறவில்லாத செடிகள் ஒரே நாளில் பாதிக்கப்பட்டிருக்கின்றன. வயலைப் பார்த்த பக்கம் அதிகம், வீட்டுப் பக்கம் குறைவு. புது இலைகளில் நரம்புகள் வலைபோல விரியாமல் கிட்டத்தட்ட இணைகோடுகளாக ஓடுகின்றன. நெல்லில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கும் 2,4-டி மருந்தின் கையெழுத்து இது. வேறு களைக்கொல்லிகள் இப்படிச் செய்யாது. பாராகுவாட் பட்டிருந்தால் இலையில் தீய்ந்த புள்ளிகள் விழுந்திருக்கும். கிளைபோசேட் என்றால் குருத்தின் அடிப்பகுதி வெளுத்திருக்கும்.

சரி, எப்படி வந்தது?

தெளிப்பானின் நாசிலிலிருந்து ஒரே அளவில் துளிகள் வருவதில்லை. பெரிதும் சிறிதுமாகக் கலந்துதான் வரும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 400 மைக்ரான் அகலமுள்ள துளி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு நொடிக்குள் தரைக்கு வந்துவிடும். 100 மைக்ரான் துளிக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமனுக்கு, நான்கு நொடி ஆகும். 20 மைக்ரான் துளி என்றால் ஒன்றரை நிமிடம் வரை காற்றிலேயே மிதக்கும். கன்னத்தில்கூட உணர முடியாத, நொடிக்கு ஒரு மீட்டர் வேகமுள்ள காற்று அந்த ஒன்றரை நிமிடத்தில் அதை 80 மீட்டர் தாண்டிக் கொண்டுபோய்விடும். அகலம் பாதியானால் ஒரு துளி எட்டுத் துளியாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு 400 மைக்ரான் துளியை உடைத்தால் 20 மைக்ரான் துளிகள் 8,000 கிடைக்கும். சீக்கிரம் முடிக்கலாம் என்று அழுத்தத்தைக் கூட்டினால் இந்தப் பொடித்துளிகள்தான் பெருகுகின்றன. பவர் ஸ்பிரேயரிலும் அதே கதை.

பகலில் இந்தப் பொடித்துளிகளுக்கு இரண்டு எதிரிகள் உண்டு. சூடான தரையிலிருந்து எழும் காற்று அவற்றை மேலே இழுத்துக் கலைத்து நீர்த்துப்போகச் செய்யும். வறண்ட காற்று அவற்றின் நீரை உறிஞ்சும். 30 டிகிரி வெயிலில், பாதி ஈரப்பதத்தில், 50 மைக்ரான் துளியின் நீர் நான்கு நொடியில் போய்விடும். தை, மாசி விடியலில் இரண்டு எதிரிகளும் இருப்பதில்லை. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது. அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்ந்து, கனத்து, தரையோடு படுத்துவிடுகிறது. அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போல நிற்கிறது. வழக்கமாக மேலே போகப் போகக் குளிரும் காற்று இங்கே தலைகீழாக இருக்கிறது. கீழே இருப்பது மேலே போக வழியில்லை.

இதைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. போகி அன்று கொளுத்திய புகை ஏன் மதியம் வரை தெருவிலேயே கிடக்கிறது? 2018 போகியன்று காலை சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திணறின. புகையை அழுத்திப் பிடித்தது இதே மூடிதான். நெல் வயலில் மிதக்கும் மருந்துத்துளிகளும் அந்தப் புகை போலவே கலையாமல், நீர்க்காமல், ஒரு மெல்லிய படலமாகக் கிடக்கும். பனி ஈரத்தில் காயவும் காயாது. பிறகு நிலத்தின் லேசான சரிவில் குளிர்ந்த காற்று தண்ணீர் போல மெதுவாக வழியும்போது, படலம் மொத்தமாக நகர்ந்து வேலி தாண்டும். காலையில் அடுப்புப் புகை மேலே போகாமல் கூரை உயரத்தில் படுத்து ஓடுகிறதா? அப்படியானால் அன்று மருந்து அடிக்கக் கூடாது. சூரியன் வந்து இரண்டு மணி நேரம் கழித்து, மணிக்கு ஐந்து முதல் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில், தோட்டத்துக்கு எதிர்ப்புறமாக வீசும் காற்றுதான் பாதுகாப்பானது. சிற்றிலைகள் விடாமல் அசைந்துகொண்டிருக்கும் காற்று அது.

இன்னொரு வழியும் உண்டு. 2,4-டி நம் ஊரில் சோடியம் உப்பாக, அமைன் உப்பாக, எத்தில் எஸ்டராகக் கிடைக்கிறது. எஸ்டர் வகை எளிதில் ஆவியாகும். சரியாகவே அடித்திருந்தாலும் வெயில் ஏறியதும் இலையிலிருந்து எழுந்து வரும். எந்த வேலியும் ஆவியைத் தடுக்காது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இவ்வளவு தூரம் வந்து சேர்ந்த மருந்து எவ்வளவு இருக்கும்? மிகச் சொற்பம். பருத்தியில் வயலுக்கு அடிக்கும் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு பட்டாலே இலை கோணுகிறது. அவ்வளவு குறைவாக ஒரு நஞ்சு எப்படி வேலை செய்யும் என்ற வியப்பு எனக்கு நெடுநாளாக இருந்தது. 2,4-டி செடிக்குள் ஒரு கட்டளையாக நுழைகிறது என்று புரிந்துகொண்ட பிறகுதான் விளங்கியது.

செடி வளைவதும் நீள்வதும் ஆக்சின் என்ற ஹார்மோனின் சொல்படி. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் குருத்தின் நுனிக்குத் தொப்பி போட்டு மூடினால் அது வெளிச்சத்தை நோக்கி வளைவதில்லை என்று கண்டு 1880இல் எழுதினார்கள். நுனியிலிருந்து ஏதோ சேதி இறங்குகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்தச் சேதியைக் கேட்கும் காது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க 2005 வரை ஆனது. டிஐஆர்1 என்ற புரதம்தான் அது. 2007இல் அதன் வடிவத்தைப் படிகமாக்கிப் படம் எடுத்தார்கள். அதில் தெரிந்தது யாரும் எதிர்பார்க்காத ஒன்று.

எங்கள் ஊரில் ஏரி மடையைத் திறக்க நீர்க்கட்டி ஒருவர் இருந்தார். முறை வந்தால் திறப்பார், பாய்ந்ததும் அடைத்துவிட்டுப் போவார். செல்லுக்குள்ளும் அப்படி மடைகள் இருக்கின்றன. வளர்ச்சிக்கான மரபணுக்களின் மேல் ஒரு தடுப்புப் புரதம் அடைப்பாக உட்கார்ந்திருக்கிறது. டிஐஆர்1 புரதத்தில் ஒரு சிறு குழி உண்டு. ஆக்சின் வந்து அந்தக் குழியின் அடியில் உட்காரும். பொதுவாக ஒரு ஹார்மோன் உட்கார்ந்தால் புரதம் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் என்றுதான் பாடத்தில் படித்திருப்போம். இங்கே எதுவும் அசைவதில்லை. ஆக்சின் குழியின் இடைவெளியை நிரப்பி மேல்பரப்பைப் பிசின் போலாக்குகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் வரும் தடுப்புப் புரதம் அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதற்கு "அழிக்கவும்" என்ற முத்திரை குத்தப்படுகிறது. செல்லின் அரவை எந்திரம் அதைத் துண்டு துண்டாக்குகிறது. அடைப்பு போனது, மடை திறந்தது, செல் நீள்கிறது. வேலை முடிந்ததும் செடி ஆக்சினை அமினோ அமிலங்களோடு கட்டிப்போட்டுச் செயலிழக்க வைக்கும். திறந்த மரபணுக்களில் சில, புதிய தடுப்புப் புரதங்களையே செய்து தரும். மடை தானே அடைபடும். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

2,4-டி அதே குழியில் உட்காருகிறது. ஆக்சின் அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்துவதில்லை, ஆனால் பொருந்துகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். கட்டிப்போடும் நொதிகளால் அதை எளிதில் பிடிக்க முடிவதில்லை. ஆக்சினை உள்ளே கொண்டுவரும் வாசல் வழியாக 2,4-டி நன்றாக உள்ளே வரும், வெளியேற்றும் வாசல் வழியாகச் சரியாக வெளியே போகாது. நீர்க்கட்டி மடையைத் திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டதைப் போல. இலைக்காம்பின் மேல்பக்கச் செல்கள் கீழ்ப்பக்கத்தைவிட வேகமாக நீள்கின்றன, அதனால் இலை கீழே தொங்குகிறது. எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோன் பெருகி வளர்ச்சி மேலும் குழம்புகிறது. ஏற்கெனவே விரிந்து முடிந்த இலைகளில் செல்கள் தம் வேலையை முடித்துவிட்டதால் அவை தொங்கினாலும் உருவம் மாறுவதில்லை. அன்று மொட்டுக்குள் இருந்த குட்டி இலைகளில்தான் நரம்புகளுக்கு நடுவே விரிய வேண்டிய சதை விரியாமல் போகிறது. அவை வெளியே வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். எத்தனையாவது கணுவில் நாடா இலை தொடங்குகிறது என்று எண்ணினால் மருந்து பட்ட நாளைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். நெல் தப்பிப்பதற்குக் காரணம், அது இந்த மருந்தைக் குருத்து வரை அதிகம் கடத்துவதில்லை, வேகமாகச் செயலிழக்கவும் செய்கிறது. அதனால்தான் நட்டு மூன்று வாரம் கழித்து ஹெக்டேருக்கு 625 லிட்டர் தண்ணீரில் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள்.

அந்த 625 லிட்டரை நினைவில் வையுங்கள். ஏக்கருக்கு 250 லிட்டர் வருகிறது. இப்போது ட்ரோனில் ஏக்கருக்குப் பத்து லிட்டர் போதும் என்கிறார்கள். அவ்வளவு குறைந்த நீர் வயல் முழுவதையும் தொட வேண்டுமானால் துளி பொடியாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் ஆள் இடுப்புக்கு மேலே, இறக்கைகளின் சுழற்காற்றில். பூச்சி, பூஞ்சை மருந்துகளுக்கு அது உதவலாம். களைக்கொல்லியை, அதுவும் வீடுகள் ஒட்டிய வயலில், ட்ரோனில் அடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தூவினார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதிக்கும் முன் ஒரு தலைமுறைக் குழந்தைகள் விலை கொடுத்துவிட்டார்கள். உயரத்திலிருந்து விடும் மருந்து யாருடைய வரப்போடும் நிற்காது.

படிகாரம் கட்டிய மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று பக்கத்திலிருந்து வந்து செடியைக் கெடுத்தது என்று அவர் சரியாகவே கவனித்திருக்கிறார். அதற்குப் பெயர் சொல்ல யாரும் அவர் பக்கத்தில் இல்லை. இரண்டு உயரத்தில் இரண்டு வெப்பமானி வைத்தால், இன்று காற்று தலைகீழாகக் கிடக்கிறதா என்று ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் விடியலிலேயே சொல்லிவிடலாம். பெரிய செலவில்லை. ஆனால் 2018 முதல் வேளாண் அறிவியல் நிலையங்களில் அமைத்த 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகளை 2024இல் மூடினார்கள். உள்ளூர் காற்றைத் தெரிந்த ஒரு வானிலையாளர் மாவட்டத்துக்கு ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து! அதில் மிச்சம் பிடிப்பது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

இனி வாசகி செய்ய வேண்டியது. அண்டை வீட்டுத் தெளிப்பானை இரவல் வாங்கி வேப்பெண்ணெய் அடித்தீர்களா என்று முதலில் யோசியுங்கள். டேங்க்கிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் மிச்சமே தக்காளிக்குப் போதும். வீட்டுத் தோட்டத்துக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். பாதித்த செடிகளையும் வயலையும் சேர்த்து, தேதியோடு படம் எடுத்துவைத்து, வேளாண்மை உதவி அலுவலரிடம் காட்டுங்கள். நிலத்துக்காரரோடு சண்டை வேண்டாம். "அண்ணே, அடிக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று கேளுங்கள். எஸ்டர் வேண்டாம், சோடியம் உப்பு வாங்குங்கள், நாசிலைத் தாழ்த்திப் பிடித்து அழுத்தம் குறைத்து அடியுங்கள், வெயில் வந்த பிறகு ஆரம்பியுங்கள் என்பதையும் சொல்லுங்கள். சொன்னால் கேட்கக்கூடியவராகத்தான் தெரிகிறார்.

வேலியில் மதில் எழுப்ப நினைக்க வேண்டாம். காற்று மதில் மேல் தாவி, உள்பக்கம் சுழன்று, துளிகளைத் தோட்டத்திலேயே இறக்கும். பாதி காற்று உள்ளே நுழையும் உயிர்வேலிதான் வடிகட்டும். சவுக்கு மாதிரி ஊசி இலைகள் இன்னும் நல்லது. அகன்ற இலையைச் சுற்றிக் காற்றோடு விலகிப் போகும் துளி, ஊசியைச் சுற்றி விலக நேரமில்லாமல் மோதி ஒட்டிக்கொள்ளும்.

மருந்து பட்ட கீரை இருந்தால் பறித்து எறிந்துவிடுங்கள். அவரை, தக்காளிக் காய்களையும் இந்த முறை சமைக்க வேண்டாம். இந்தப் பயிர்களுக்கு அடிக்கவே கூடாத மருந்து என்பதால் எத்தனை நாள் காத்திருந்தால் போதும் என்ற கணக்கு கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் 2,4-டியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. செடிகளை மட்டும் உடனே பிடுங்காதீர்கள். தண்ணீர் விடுங்கள், யூரியா போடாதீர்கள். நாடா இலைகளுக்கு மேலே, நுனியில் வரும் அடுத்த இரண்டு இலைகளைப் பாருங்கள். நரம்புகள் மறுபடியும் வலைபோல விரிந்திருந்தால் தக்காளி பிழைத்துக்கொள்ளும்.