முதுகில் ஊசி போட்ட மூத்தோருக்குக் குளிர் தெரியாது

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்கு வரும் மூத்தோர் பலருக்கு நாங்கள் முழு மயக்கம் கொடுப்பதில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்கிறோம். நோயாளி விழித்திருப்பார், பேசுவார் என்பதால் அவருடைய உடல் குளிர்ந்துபோகும் என்று பலருக்கும் தோன்றுவதில்லை. வெளியே 31 டிகிரி வெயில் காயும் சிங்கப்பூரில் குளிரால் ஆபத்து என்றால் குடும்பத்தாருக்கு வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் அறுவைக்கூடம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் கால்களின் இரத்தக் குழாய்கள் விரிந்து, உடலின் நடுப்பகுதியில் இருந்த வெப்பம் கால்களுக்கு இறங்கி, தோல் வழியாக வெளியேறுகிறது. குளிர்ந்தால் குழாய்கள் சுருங்குவதும் தசைகள் நடுங்குவதும் உடலின் இயல்பான காப்பு. மரத்துப்போன பகுதியில் இவ்விரண்டும் நடப்பதில்லை. தசை மெலிந்து, உடலின் வெப்ப உற்பத்தியும் குறைந்துவிட்ட முதியவருக்கு மேல் உடம்பும் அந்த இழப்பை எளிதில் ஈடுகட்டாது.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வேறொன்று. "பாட்டி, குளிருதா?" என்று தாதி குனிந்து கேட்டால், "இல்லம்மா, கதகதப்பாத்தான் இருக்கு" என்று பதில் வரும். பாட்டி உண்மையைத்தான் சொல்கிறார். விரிந்த குழாய்களால் அவருக்குக் குளிர் உறைப்பதில்லை. அதே நேரத்தில் வெப்பமானி 35.6 காட்டக்கூடும். 36 டிகிரிக்குக் கீழே போனாலே இரத்தம் உறைவது தாமதப்பட்டு இரத்த இழப்பு கூடலாம், அறுவைக் காயத்தில் கிருமித்தொற்று ஏற்படும் வாய்ப்பு அதிகரிக்கும். பிறகு நடுக்கம் வந்தால், பலவீனமான இதயத்துக்கு அது பெரும் சுமை. ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது, அளந்தே பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது.

ஊசி போடுவதற்கு முன்பே, குறைந்தது 30 நிமிடம், வெப்பக்காற்றுப் போர்வையால் கால்களையும் உடலையும் சூடேற்றி வைத்தால், பின்னர் நடுப்பகுதியிலிருந்து இறங்கும் வெப்பத்தின் அளவு குறையும். பரபரப்பான நாளில் முதலில் விட்டுப்போவதும் இந்த அரை மணி நேரம்தான். அதை விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நரம்பு வழியாக அதிக அளவில் ஏற்றும் திரவத்தையும் உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தே ஏற்ற வேண்டும்.

குடும்பத்தாரும் உதவலாம். காத்திருக்கும்போது அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ காலுறையும் போர்வையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் தாதியிடம் கேளுங்கள். அறுவை முடிந்து வார்டுக்கு வந்தபின் மரத்த கால்களில் வெந்நீர்ப்பை மட்டும் வைக்காதீர்கள். தோல் வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.