மெகாடஞ்சன்: தமிழில் பெரும்பிலம்

சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் வீட்டு உணவு மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் வரும் சாகசக்காரர்களாகப் பேசி ஆடும் விளையாட்டு. தமிழில்தான். கதையை நடத்துவது நான். புது ஆட்டம் தொடங்கிய அன்று, "நீங்கள் ஒரு பெரிய பாதாளச் சிறையின் வாசலில் நிற்கிறீர்கள்" என்றேன். அக்கா மகன் பென்சிலைக் கீழே வைத்தான். "யாரை மாமா அடைச்சு வச்சிருக்காங்க? நாங்க போய்க் காப்பாத்தணுமா?"

உள்ளே யாரும் அடைபட்டிருக்கவில்லை. இடிந்த மண்டபங்கள், தண்ணீர் தேங்கிய குகைகள், ஒன்றையொன்று வெறுக்கும் இரண்டு பூதக் கூட்டங்கள், அதற்கும் கீழே இன்னும் பல அடுக்குகள். அவ்வளவுதான். ஆனால் 'சிறை' என்ற சொல்லைக் கேட்ட பையன், அன்று முழுக்க இல்லாத கைதியைத் தேடினான். மண்ணுக்கடியில் அடுக்கடுக்காக விரியும் இப்படியொரு மாபெரும் ஆட்டக்களத்துக்கு ஆங்கிலத்தில் மெகாடஞ்சன் என்று பெயர். அதைத் தமிழில் சொல்ல, டஞ்சனுக்கு அகராதி சொன்ன பொருளையே நான் எடுத்துக்கொண்டேன், அதுதான் தவறாகப் போனது.

டஞ்சன் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் பழைய பிரெஞ்சுச் சொல்லான டோன்ஜோன். கோட்டையின் நடுவே உயர்ந்து நிற்கும் தலைமைக் கோபுரத்துக்கு அந்தப் பெயர். அதற்கும் பின்னால் இருப்பது தலைவன், உடையவன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லான டோமினுஸ். பிரெஞ்சுக்காரர்களுக்கு டோன்ஜோன் இன்றைக்கும் கோபுரம்தான். பாரிஸ் அருகே வின்சென் கோட்டையில் 52 மீட்டர் உயரத்தில் நிற்கிறதே, அது ஒரு டோன்ஜோன். ஆங்கிலத்துக்குப் போன பிறகுதான், கோட்டைக்குள் கைதிகளை அடைத்துவைத்த இருட்டறைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வானத்தைப் பார்த்து நின்ற சொல் மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

விளையாட்டு அதை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோனது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டேவ் ஆர்னசன் பிளாக்மூர் என்ற கற்பனைக் கோட்டையையும், அவரைப் பார்த்து கேரி கைகாக்ஸ் கிரேஹாக் என்ற கோட்டையையும் உருவாக்கினார்கள். இரண்டிலும் ஆட்டம் நடந்தது கோட்டைக்கு அடியில்தான். 1974இல் இருவரும் சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, நல்ல டஞ்சன் என்றால் கீழ்நோக்கிப் பன்னிரண்டு அடுக்குகளுக்குக் குறையக்கூடாது, புதிய அடுக்குகள் கட்டப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் ஆடுகிறவர்களுக்குச் சலிக்காது என்று விதிநூலின் மூன்றாம் பகுதியில் எழுதினார்கள். அதாவது, அவர்கள் சாதாரணமாக டஞ்சன் என்று சொன்னதே இன்று நாம் மெகாடஞ்சன் என்கிற பொருள்தான். பிறகு ஐந்தாறு அறைகளோடு ஒரே மாலையில் முடிந்துவிடும் சிறிய சாகசங்கள் பெருகின. பழைய வகையைப் பிரித்துக் காட்ட முன்னால் ஒரு 'மெகா' தேவைப்பட்டது.

மெகா கிரேக்கச் சொல். பெரிய என்று பொருள். வடமொழியின் 'மகா'வும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. ஆனால் இங்கே அளவை மட்டும் பார்த்தால் பாதிதான் பிடிபடும். 2004இல் உலகின் மிகப் பெரிய டஞ்சன் என்ற பெயரோடே 800 பக்கங்களுக்கு மேல் ஒரு புத்தகம் வந்தது. 2018இல் வந்த அண்டர்மவுண்டன் சாகசத்தில் 23 அடுக்குகள். எண்ணிக்கை பெரியதுதான். ஆனாலும் மெகாடஞ்சனை மெகாடஞ்சன் ஆக்குவது வேறொன்று: அதை முடிக்க வேண்டியதில்லை. போகிறோம், கையில் இருக்கும் தீப்பந்தம் தீர்வதற்குள் திரும்பி வருகிறோம், அடுத்த வாரம் வேறு வழியில் இறங்குகிறோம். நாம் இல்லாத நாள்களில் உள்ளே இருப்பவை தம் பாட்டுக்கு வாழ்கின்றன. எங்கள் குழுவில் ஒருவருக்கு ஷிப்ட் வேலை, ஒருவன் தேசிய சேவையில் இருக்கிறான். வந்தவர்களை வைத்துக்கொண்டு அன்றைக்கு இறங்கலாம், யாருக்காகவும் கதை காத்திருக்காது. அலுத்துப்போன பெரியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டை நான் பார்த்ததில்லை.

வழிகள் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையத்தைச் சொல்வேன். மூன்று தடங்கள், பல வாசல்கள், மாறி மாறி இறங்கும் நகரும் படிகள். ஒரு வழியை மூடினாலும் இன்னொரு வழியில் அதே நடைமேடைக்குப் போய்ச் சேரலாம். நல்ல மெகாடஞ்சனும் அப்படித்தான் சுற்றிச் சுற்றி இணையும். ஒரே வழியில் நேராகக் கொண்டுபோய் விடுவது எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது நடைபாதைதான்.

அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தபோதுதான் முன்னொட்டு கிடைத்தது. பெருவிரைவு ரயில் என்று நாம் சிங்கப்பூரில் தினமும் சொல்கிறோம், யாருக்கும் நெருடவில்லை. மெகாவுக்குப் 'பெரு' போதும். இனி டஞ்சன்.

பாதாளச் சிறை வேண்டாம், காரணம் சொல்லிவிட்டேன். சுரங்கம் என்றால் இங்கே எல்லாருக்கும் சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைதான் கண்முன் வரும். நிலவறை அழகான சொல், ஆனால் அது ஒரு அறை. பாதாளம் என்று மட்டும் சொல்லலாமா? அதலம் முதல் பாதாளம் வரை ஏழு கீழுலகங்கள் அடுக்கடுக்காக இருக்கும் கற்பனை இதற்கு நன்றாகவே பொருந்தும். பணம் பாதாளம் மட்டும் பாயும் என்ற பழமொழிகூடப் பொருந்தும், ஆழம் போகப் போகத்தான் புதையல் கூடும். ஆனால் பாதாளம் ஒரு முழு உலகம், ஊருக்கு ஒன்று வைக்க முடியாது. அப்புறம் குகையைக் குறிக்கும் சங்கச் சொல்லான அளை. 'புலி சேர்ந்து போகிய கல்அளை' என்று புறநானூற்றில் காவற்பெண்டு பாடியது. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் பேரளை என்று வாய்விட்டுச் சொன்னபோது மேசையில் மூன்று பேருக்குப் பேரலை என்றுதான் கேட்டது. எழுத்தில் நிற்கும், பேச்சில் கரைந்துவிடும்.

கம்பராமாயணத்தில்தான் சொல் கிடைத்தது. கிட்கிந்தா காண்டத்தில் ஒரு படலத்தின் பெயரே 'பிலம் புக்கு நீங்கு படலம்'. பிலம் என்றால் மண்ணுக்குள் இறங்கிப் போகும் குகை. சீதையைத் தேடி அலையும் வானரர்கள் பசியும் தாகமுமாக ஒரு பிலத்துக்குள் நுழைகிறார்கள். கண் தெரியாத இருட்டு. அதைக் கடந்தால் ஒளிவீசும் ஒரு நகரம், அதில் தனியே சுயம்பிரபை. நுழைந்தவர்களால் எளிதில் வெளியேற முடியவில்லை, அனுமன் பேருரு எடுத்துப் பிளக்க வேண்டியிருக்கிறது. இருட்டு, உள்ளே ஒரு முழு ஊர், அங்கே வாழும் ஒருத்தி, திரும்பி வருவதே பெரும்பாடு. ஆர்னசனும் கைகாக்ஸும் கட்டியதும் இதைத்தானே! படலத்தின் பெயரிலேயே புகுவதும் நீங்குவதும் இருக்கின்றன பாருங்கள், ஆட்டத்தின் மொத்த ஓட்டமும் அந்த இரண்டு வினைதான். பில என்பது வடமொழி மூலம் என்று சிலர் தயங்கலாம். கம்பன் கையாண்ட சொல் எனக்குப் போதும்.

கூடவே இன்னொரு குழப்பமும் தீர்ந்தது. ஆங்கிலத்தில் டஞ்சனின் தளமும் லெவல், ஆடுகிறவரின் தேர்ச்சியும் லெவல், மந்திரத்தின் வலிமையும் லெவல். "மூணாவது லெவல்" என்றால் எது என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். நாங்கள் பிலத்துக்கு அடுக்கு, ஆளுக்குப் படி, மந்திரத்துக்குத் தரம் என்று பிரித்துக்கொண்டோம். "நாலாம் படிக்காரன் ஆறாம் அடுக்குக்கு இறங்காதே" என்றால் இப்போது யாரும் விளக்கம் கேட்பதில்லை.

போன வாரம் அக்கா மகன் வரைபடத்தை எடுத்தான். ஒரு கட்டத்துக்குப் பத்தடி என்று அவனே கட்டத்தாளில் வரைந்தது, ஓரமெல்லாம் தீப்பந்தக் கணக்குக் கோடுகள். தலைப்பில் இருந்த பாதாளச் சிறையை அழிரப்பரால் தேய்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"பெரு பிலமா, பெரும் பிலமா மாமா?"

"பெருங்கடல் மாதிரிடா. பெரும்பிலம். சேர்த்தே எழுது."

எழுதினான். அப்புறம் இரண்டாம் அடுக்கின் கிணற்றைத் தொட்டு, "இதுக்குள்ள கயிறு விட்டா எங்க போகும்?" என்று கேட்டான்.