டிப்ளாய்: நிறுவுவதா, களமிறக்குவதா?

ஜாவாவில் நிரல் எழுதி முடித்தாயிற்று. இனி அதை, இணையதளப் பக்கங்களை உருவாக்கி நிர்வகிக்கும் உள்ளடக்க மேலாண்மை அமைப்புக்குள் கொண்டுபோய் ஓடவைக்க வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் இதை ‘டிப்ளாய் பண்றது’ என்கிறோம். தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். மொழிபெயர்ப்புக் கருவிகள் ‘வரிசைப்படுத்தல்’ என்று தருகின்றன. படிப்பவர் ஏதோ பட்டியலை அகர வரிசையில் அடுக்குவதாகவே நினைப்பார்.

சொல்லின் வேர் லத்தீனில் உள்ள டிஸ்பிளிகாரே. பிளிகாரே என்றால் மடித்தல். முன்னால் டிஸ் சேர்ந்தால் மடிப்பைப் பிரித்தல். டிஸ்ப்ளே என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். பிரெஞ்சு வழியாக, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டிப்ளாய் ஆங்கிலப் படைத்துறைச் சொல்லானது. நெடுக நடந்துவந்த படையைப் போர்முனையில் அகல விரித்து நிறுத்துவது அதன் பொருள். அங்கே ‘வரிசை’ பொருந்தும், மென்பொருளுக்குப் பொருந்தாது.

சரி, ‘நிறுவுதல்’ போதாதா? அது இன்ஸ்டாலுக்கு உரியது. இரண்டும் வேறு என்பதை அடோபி எக்ஸ்பீரியன்ஸ் மேனேஜர் என்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்பில் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே நம் ஜாவா நிரல் ‘பண்டில்’ எனப்படும் ஜார் கோப்பாக, அதாவது ஒரே கோப்பாகக் கட்டிய ஜாவா நிரலாகப் போகிறது. அபாச்சி ஃபெலிக்ஸ் அதை இயக்குகிறது; ஜாவா நிரல்களைத் தனித்தனிப் பண்டில்களாக ஏற்றி இயக்கும் ஓஎஸ்ஜிஐ என்ற தரத்தின்படி அமைந்த சூழல் அது. சர்வரை நிறுத்தாமலே ஏற்றலாம். ஏற்றியதும் அதன் நிலை ‘இன்ஸ்டால்டு’, அவ்வளவுதான். அது கேட்கும் பேக்கேஜுகளெல்லாம் (பிற ஜாவா நிரல் தொகுப்புகள்) உரிய பதிப்பில் கிடைத்தால் ‘ரிசால்வ்டு’. அப்புறம் தொடங்கி ‘ஆக்டிவ்’ ஆனால்தான் நம் நிரல் வேலை செய்யும். கட்டாயம் வேண்டிய ஒரு பேக்கேஜ் கிடைக்காவிட்டாலும் பண்டில் முதல் படியிலேயே நின்றுவிடும். கோப்பு உள்ளே இருக்கிறது, பயன் இல்லை. பதிவேற்றம் முடிந்ததென்ற செய்தியை நம்பி, பக்கம் ஏன் மாறவில்லை என்று ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன்.

அதனால் என் தேர்வு ‘களமிறக்குதல்’. கிரிக்கெட்டில் புதிய பந்துவீச்சாளரைக் களமிறக்குகிறார்கள், தேர்தலில் வேட்பாளரைக் களமிறக்குகிறார்கள். தயாராக இருப்பவரை வேலை நடக்கும் இடத்துக்குள் விடுவது என்ற பொருள் எல்லோருக்கும் பழக்கம். களம் போர்க்களமும் ஆகையால் பழைய படைப்பொருளும் கூடவே நிற்கிறது.

ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் டாம்கேட் சர்வரின் வெப்ஆப்ஸ் கோப்புறையில் வார் கோப்பை, அதாவது முழு வலைச் செயலியையும் சுருக்கிக் கட்டிய கோப்பைப் போட்டால், வழக்கமான அமைப்பில் அது தானே பிரித்து இயக்கிவிடும். லத்தீன் சொன்ன ‘மடிப்பைப் பிரித்தல்’ அங்கே அப்படியே நடக்கிறது! இந்த ஆட்டோ டிப்ளாயைத் ‘தன்னியக்கக் களமிறக்கம்’ எனலாம்; அன்டிப்ளாய் ‘களம் விலக்கல்’. தன்வினையும் கைவசம் இருக்கிறது: “பண்டிலை நிறுவிவிட்டேன், இன்னும் களமிறங்கவில்லை.”