பின்கட்டுக்குப் போகும் மின்சாரம் திரும்பி வரும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு வந்து கம்பத்து (கிராமத்து) நிலத்தில் வீடு கட்டிக்கொண்ட குடும்பங்கள் பலவற்றில், வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு தகரக் கொட்டகை இருக்கும். துணி துவைக்கும் மெஷின், பழைய ஐஸ் பெட்டி, தண்ணீர் பம்ப், மாவரைக்கும் கிரைண்டர் எல்லாம் அங்கேதான். தீபாவளி நெருங்கினால் முறுக்கு சுடுவதும் அங்கேதான். சிமெண்டுத் தரை எந்நேரமும் ஈரமாக இருக்கும்; வேலை செய்கிறவர்கள் வெறுங்காலோடு நிற்பார்கள். மின்சாரத்தை மிகக் கவனமாகக் கொண்டுபோக வேண்டிய இடம் இது. ஆனால் பல வீடுகளில் சமையலறை பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக இழுத்துவிட்ட ஒரு எக்ஸ்டென்ஷன் வயர்தான் அங்கே போகிறது.

அந்த வயரில் என்ன நடக்கிறது? செம்பு நல்ல கடத்திதான், ஆனாலும் அதற்கும் மின்தடை உண்டு. வயர் நீள நீள, மெலிய மெலிய தடை கூடும். குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர் உள்ள வயரில், போக வரச் சேர்த்து, ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டரில் சுமார் 44 மில்லிவோல்ட் தொலைகிறது. சின்னத் தொகைதான். ஆனால் கொட்டகை 30 மீட்டர் தள்ளி இருக்கிறது, பம்ப் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கிறது என்று வையுங்கள். 20 ஆம்பியர் இழுத்தால் 26 வோல்ட் வயரிலேயே போய்விடும். 230 வோல்ட் புறப்பட்ட இடத்தில், மோட்டாருக்குக் கிடைப்பது 204. மோட்டாரின் சுழற்றும் வலு வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்த வலுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நிற்கும். சூடேறி உள்ளிருக்கும் காயில் கருகும். பம்ப் மட்டமானது என்று முடிவு கட்டுவார்கள். குறை வயரில் இருந்தது.

தொலைந்த வோல்ட்டேஜ் எங்கேயும் மறைந்துவிடவில்லை, வயரிலேயே வெப்பமாக மாறுகிறது. உருளையில் சுற்றியபடியே எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்தினால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக் உறையை இளக்கிவிடும். அதே 30 மீட்டருக்கு 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால், அதே 20 ஆம்பியரில் குறைவது 4 வோல்ட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதனால்தான் நல்ல வயர்மேன் முதலில் தூரத்தை அளந்துவிட்டு அப்புறம் விலை சொல்வார்.

கேபிளை மண்ணுக்கடியில் கொண்டுபோவதென்றால் இரும்புக் கம்பிக் கவசம் போட்ட கேபிள்தான் சரி. அந்தக் கவசத்தை எர்த்தோடு, அதாவது நிலத்தில் அடித்த கம்பியோடு, இணைத்திருக்க வேண்டும். நாளைக்கு யாராவது வாழைக்கன்று நட மண்வெட்டியால் வெட்டினால், அதன் முனை உள்ளிருக்கும், மின்சாரம் வரும் லைவ் கம்பியைத் தொடுவதற்குமுன் எர்த் ஆன கவசத்தைத் தொட்டிருக்கும். கரண்ட் வெட்டியவர் உடம்பைத் தேடாமல் கவசத்தின் வழியே ஓடி, கீழே சொல்லப்போகும் பாதுகாப்புக் கருவியை விழச் செய்யும்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். மெஷினுக்குள் ஒரு வயரின் உறை தேய்ந்து, லைவ் கம்பி இரும்பு உடம்பில் படுகிறது. கரண்ட் அளவுக்கு மிஞ்சினால் தானே அணையும் பிரேக்கர் விழுந்துவிடும் என்று நம்புகிறோம். மலேசிய வீடுகளில் பெரும்பாலும் எர்த் என்பது வீட்டுக்காரர் தன் நிலத்தில் அடித்த செம்புப் பூச்சுக் கம்பிதான். கோளாறான கரண்ட் அந்தக் கம்பி வழியே மண்ணில் இறங்கி, மண்ணைக் கடந்து, டிரான்ஸ்பார்மரின் எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். மண் செம்பு அல்ல. ஈயச் சுரங்கம் தோண்டிப்போட்ட கிந்தா பள்ளத்தாக்கின் மணல் நிலத்தில் அதன் தடை இன்னும் அதிகம். கம்பியின் தடை 20 ஓம் என்றாலே, ஓடக்கூடிய கரண்ட் 230-ஐ 20-ஆல் வகுத்தால் வரும் 11.5 ஆம்பியருக்கு மேல் போகாது. கொட்டகையின் பிரேக்கர் 20 ஆம்பியர். அது விழவே விழாது! மெஷினின் இரும்பு உடம்பு, உயிர்போகும் அளவு வோல்ட்டேஜோடு, பார்வைக்குச் சாதாரணமாக நின்றுகொண்டிருக்கும். ஈரக் கையும் வெறுங்காலும் உள்ள ஒருவர் உடம்பில் பாயும் கரண்ட் ஒரு ஆம்பியரின் பத்தில் ஒரு பங்கு என்றாலும், சில நொடிகளில் இதயத்தின் துடிப்பு குலைந்துவிடலாம்.

இந்த இடைவெளியை அடைப்பதுதான் நம்மூரில் ஈஎல்சிபி என்று சொல்லும், இப்போது ஆர்சிசிபி என்ற வகையில் வரும் கருவி. அது எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. கரண்ட் போகும் லைவ், திரும்பி வரும் நியூட்ரல் இரண்டும் ஒரு காந்த வளையத்துக்குள் நுழைகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். கொஞ்சம் கரண்ட் மண் வழியாகவோ மனிதர் வழியாகவோ நழுவினால் சமநிலை குலைகிறது. வளையத்தில் சுற்றிய மெல்லிய கம்பியில் மின்தூண்டல் ஏற்பட்டு, சுவிட்ச் விழுகிறது. 30 மில்லிஆம்பியர் கருவி என்றால் அந்த அளவு நழுவினாலே போதும். எர்த் கம்பியின் தடை 500 ஓம் ஆனாலும் 460 மில்லிஆம்பியர் நழுவுமே, கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அதற்காக எர்த் கம்பி வேண்டாம் என்று ஆகிவிடாது. அது இருந்தால், ஒருவர் தொடுவதற்கு முன்னாலேயே கரண்ட் அதன் வழியே நழுவிக் கருவி விழும். இல்லாவிட்டால் நழுவும் வழியே அந்த மனிதர்தான்.

கொட்டகைக்கென்று தனி டிபி பாக்ஸ் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி), அதில் ஈரத் தரைக்கேற்ற தனி 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, வீட்டு மெயின் பக்கம் சற்றுத் தாமதித்து விழும் 100 மில்லிஆம்பியர் கருவி என்று அமைத்தால், ராத்திரி பின்கட்டில் கோளாறு வந்தாலும் வீடு முழுக்க இருட்டாகாது.

இடியையும் சேர்த்து யோசிக்க வேண்டும், நம் நாட்டில் அதற்குக் குறைவே இல்லை. அருகில் மின்னல் இறங்கும்போது அந்த நிலத்தின் மின்னழுத்தமே கணநேரம் எகிறும். வீட்டுக்கு ஒரு எர்த் கம்பி, கொட்டகைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தால், இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் நடுவிலிருக்கும் கேபிளின் வழியாகவும் கருவிகளின் வழியாகவும் பாயும். இரண்டு கம்பிகளையும் தடித்த செம்பு வயரால் இணைத்து, டிபி பாக்ஸில், திடீரென எகிறும் வோல்ட்டேஜை வடித்துவிடும் சர்ஜ் தடுப்பானும் வைத்தால் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும்.

இந்த வேலையை எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த வயர்மேன்தான் செய்ய வேண்டும். முடித்ததும் எர்த் கம்பியின் தடை எத்தனை ஓம், ஆர்சிசிபி எத்தனை மில்லிஆம்பியரில், எத்தனை மில்லிசெகண்டில் விழுந்தது என்று மீட்டரில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். கருவியின் மேல் ஒரு சோதனைப் பொத்தானும் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றும்வரை அந்தக் கொட்டகையில் மெஷினைப் போடாதீர்கள்.