தவளைப் படங்களை லேமினேட் செய்யாதீர்கள்

பெங்களூர் அல்சூரில், பழுதான பழைய தாள்களையும் படங்களையும் சரிசெய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர் அங்கே வந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். காக்கி உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தபோதே பளபளப்பு கண்ணில் பட்டது. "பத்திரமா லேமினேட் பண்ணி வெச்சிருக்கேம்மா. மூலையில மட்டும் குமிழ் விட்டிருக்கு, அதைச் சரி பண்ணித் தரணும்" என்றார்.

பிளாஸ்டிக்குக்குள் இருந்தது ஜெர்மன் இயற்கையியல் ஓவியர் ரோசல் ஃபான் ரோசன்ஹோஃப் வரைந்து, 1758-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் முழு நூலாக வெளிவந்த தவளைப் படங்களில் ஒன்று. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டியது. பெரியவரின் அப்பா விலங்கியல் ஆசிரியர். அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் உதிரித் தாள்களாக வாங்கினாராம். ஏறக்குறைய 270 வருடம் தாங்கிய தாள், பத்து நிமிட வேலையில் முடிந்துபோயிருந்தது.

இந்த ஆண்டு என்னிடம் வந்த நான்காவது லேமினேஷன் இது. நான்கில் ஒன்றைக்கூட என்னால் மீட்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லேமினேட் செய்பவர்கள் யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை. அக்கறை இருப்பதால்தான் செய்கிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை, ரேஷன் கார்டை லேமினேட் செய்துதான் நம் வீடுகளில் பாதுகாத்தோம். தண்ணீர் படாது, கிழியாது, பூச்சி அரிக்காது. அந்தப் பழக்கம் அப்படியே பழைய படங்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் மார்க் ஷீட்டில் நமக்கு வேண்டியது எழுத்து மட்டும். படத்தில் தாளும், மையும், வண்ணமும், தகடு அழுந்திய தடமும் எல்லாம் சேர்ந்ததுதான் பொருள்.

கடையில் நடப்பது இதுதான். பிளாஸ்டிக் உறையின் உள்பக்கம் பசை பூசியிருக்கும். சூடான உருளைகளுக்கு நடுவே போகும்போது, 100 டிகிரிக்கும் மேலான சூட்டில், அந்தப் பசை உருகித் தாளின் நார்களுக்குள் இறங்குகிறது. பிளாஸ்டிக் தாளின் மேல் ஒரு போர்வை மாதிரி இருக்கிறது, வேண்டாமென்றால் உரித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. ஆறிய பிறகு தாளும் பசையும் வேறு வேறு பொருள் இல்லை. கைவண்ணம் என்பது வேலம்பிசின் மாதிரி ஒரு பிசினில் குழைத்த மெல்லிய பூச்சு. பிளாஸ்டிக்கை உரித்தால் தவளையின் தோல் அதோடு வந்துவிடும். சொல்லணிக்காகச் சொல்லவில்லை, நானே பார்த்தது. இன்னொன்று, செப்புத் தகட்டு அச்சில் மை தாளுக்கு மேலே மெல்லிய வரப்பாக எழும்பி நிற்கும், விரலுக்குத் தெரியும். உருளை அதையும் நசுக்கிவிடுகிறது. தாளுக்குள் ஏற்கெனவே இருந்த ஈரமும் புளிப்பும், அதாவது அமிலமும், வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வேலை செய்யும். குமிழ் விட்ட மூலையை மறுபடி சூடாக்கிச் சரி செய்யச் சொல்லி அதே கடைக்குப் போகிறவர்களும் உண்டு. தயவுசெய்து போகாதீர்கள்.

"ஆவணக் காப்பகங்களிலேயே லேமினேட் செய்வார்களே?" என்று ஒரு கேள்வி வரும். செய்தார்கள், மறுக்கவில்லை. 1950-களில் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவான முறை அது. செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் படலமும் மெல்லிய டிஷ்யூ தாளும் வைத்து, சூடே இல்லாமல், அந்தப் படலத்தைக் கரைக்கும் அசிட்டோன் திரவம் தொட்டு ஒட்டுவார்கள். தேவைப்பட்டால் அதே அசிட்டோனில் பிரிக்கலாம். தெருமுனை ஜெராக்ஸ் கடை வேலைக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. கைவண்ணப் படத்துக்கு நான் அதைக்கூடச் செய்ய மாட்டேன்.

சரி, லேமினேஷனை விடுவோம். தவளை, தேரைப் படங்களுக்கே உரிய சில தொல்லைகள் இருக்கின்றன. பறவைப் படம், பூப்படம் வைத்திருப்பவர்களைவிட நீங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை இவை.

முதலில் பச்சை. 18-ஆம் நூற்றாண்டில் பச்சை வண்ணம் பல நேரம் செம்பிலிருந்து வந்தது. செம்புப் பாத்திரத்தில் பிடிக்கும் பச்சைக் களிம்பு நமக்குத் தெரியும், அதே சங்கதிதான். அது காலப்போக்கில் தாளைத் தின்னும். படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் தவளையின் உருவம் பழுப்பாகத் தெரிந்தால், செம்பு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஈரம் பட்டால் செம்பு பக்கத்து நார்களுக்கும் பரவும். அதனால் "பழுப்புப் போக அலசிப் பார்த்தேன்" என்ற பேச்சே வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டுப் பச்சைகள் சிலவற்றில் ஆர்சனிக்கும் உண்டு. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், தொட்ட பிறகு கை கழுவுங்கள்.

அடுத்தது வெள்ளை. வயிற்றிலும் கண்ணிலும் பளிச்சென்று தெரிவதற்காக ஈய வெள்ளை தொட்டிருப்பார்கள். காற்றில் இருக்கும் கந்தக வாயு பட்டு அது கறுத்துப்போகும். கறுத்த புள்ளியைப் பூஞ்சை என்று நினைத்து ரப்பர் போட்டுத் தேய்த்த ஒருவர், தேரையின் வயிற்றில் ஓட்டையோடு வந்தார். கறுத்த வெள்ளையைப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரும் வழி எங்களிடம் இருக்கிறது. ஓட்டையை அடைக்கலாம், ஆனால் போன கோடு திரும்பாது.

மூன்றாவதைச் சொல்லவே மனம் கஷ்டப்படுகிறது. ரோசலின் நூலில் 24 வண்ணப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் இணையாக, வண்ணமில்லாத கோட்டுப் படம் ஒன்று. உறுப்புகளைக் குறிக்கும் எழுத்துகள் அதில்தான் இருக்கும், வண்ணப் படம் சுத்தமாக இருக்கட்டும் என்பதற்காக. உதிரியாக வாங்கும்போது கோட்டுப் படம் மட்டும் கிடைப்பது சகஜம். அதை முடிக்காமல் விட்ட படம் என்று எண்ணி, நன்றாக வரையும் பெண்ணிடம் கொடுத்து வாட்டர்கலர் அடிக்கச் சொன்ன குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பெண் மிக அழகாகவே வண்ணம் தீட்டியிருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்களிடம் இருப்பது பழைய அச்சா, புது நகலா என்று பார்க்க எச்சில் தொட்டுச் சோதிக்காதீர்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும். வண்ணம் சின்னச் சின்னப் புள்ளிகளாக வரிசை கட்டி நின்றால் அது பிற்கால நகல். செப்புத் தகட்டு அச்சில் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய செவ்வகத் தடம் இருக்கும். ஜெர்மன் விலங்கியலாளர் ஹேக்கலின் தவளைப் படம் போன்ற கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்சிட்டதில், அந்தத் தடம் இருக்காது, அதனால் தடம் இல்லையென்றதும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தியத் தவளைகள் உள்ள, விலங்கியலாளர் குந்தரின் 1864-ஆம் வருட நூலின் படங்களும் கல்லச்சுதான்.

பெங்களூரில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "சென்னை மாதிரி இங்கே புழுக்கம் கிடையாதே" என்கிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் காலைகளில் இங்கே ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 சதவீதத்தைத் தாண்டும். 65-க்கு மேல் நீடித்தாலே பூஞ்சைக்குப் போதும். குளியலறையை ஒட்டிய சுவரிலும், மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரிலும் படத்தை மாட்டக் கூடாது. வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரேயும் கூடாது. வெளுத்த வண்ணத்தை எங்களாலும் மீட்க முடியாது. ஃபிரேம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவே, படம் தெரியும்படி உள்ளே வெட்டியெடுத்த அமிலமில்லாத அட்டை வையுங்கள். பின்னால் ஹார்ட்போர்டும் பிளைவுட்டும் வேண்டாம், அவற்றின் புளிப்பு தாளில் இறங்கிவிடும். செல்லோடேப், வெள்ளைப் பசை இரண்டையும் படத்தின் அருகிலேயே கொண்டுவராதீர்கள். மைதாப் பசையும் வேண்டாம். பூச்சிக்குப் பயந்து அதில் மயில்துத்தம் கலப்பது பைண்டிங்காரர்களின் பழைய வழக்கம். அதுவும் செம்புதான், தாளுக்கு அதுவும் பகை.

வேப்பிலையும் வசம்பும் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஓலைச்சுவடிக்குப் பாட்டி வைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். பெட்டியின் மூலையில் துணியில் முடிந்து வையுங்கள். தாளின் மேல் இலை பட்டால் கறை நிற்கும்.

ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டீர்களா? அப்படியே விடுங்கள். கத்தியால் ஓரத்தைக் கிளப்பாதீர்கள், அயர்ன் பாக்ஸ் வைக்காதீர்கள். வெளிச்சம் படாமல் தட்டையாக வையுங்கள். இன்றைக்கு இல்லாத வழி பின்னால் வரலாம், அதுவரை அதை மேலும் காயப்படுத்தாமல் இருந்தால் போதும்.

பழுதான படத்தைக் கொண்டுவருவதற்கு முன், ஜன்னலோரம் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பாதிப் பேருக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுதான் பதில் சொல்வேன், அதற்குக் காசு கிடையாது. என்னிடம்தான் வர வேண்டும் என்பதும் இல்லை, பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்புக்குப் பெங்களூரிலேயே பாதுகாப்பு மையம் இருக்கிறது. கொண்டுவரும்போது சுருட்டாதீர்கள். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே சுத்தமான வெள்ளைத் தாள் போட்டு, மழை இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள்.

அந்தப் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், வீட்டில் இன்னும் மூன்று தாள் இருக்கிறது, சனிக்கிழமை லேமினேட் செய்யக் கொடுப்பதாக இருந்தேன் என்றார். இரண்டு அட்டையும் கொஞ்சம் டிஷ்யூ தாளும் கொடுத்து அனுப்பினேன். அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்து மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒன்றில் மரத்தவளை. பச்சை இன்னும் அப்படியே இருக்கிறது.