அயர்ன் மெய்டனின் அடுத்த ஆல்பம் ஏன் தள்ளிக்கொண்டே போகிறது?

1980 முதல் 1984 வரை பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டன் ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து ஆல்பம் போட்டது. 2000-இல் வந்த ஆல்பத்துக்குப் பிறகோ 2003, 2006, 2010, 2015, 2021. இடைவெளி மூன்று, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று வளர்கிறது. வயதாகிவிட்டது, சரக்கு தீர்ந்துவிட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முக்கியக் காரணம் டூர்.

எண்பதுகளில் ரெக்கார்டு விற்றால்தான் பணம். ஆல்பத்தை விற்கவே ஊர் ஊராகப் போனார்கள். 1984 ஆகஸ்டில் போலந்தில் தொடங்கிய டூர் 1985 ஜூலையில் அமெரிக்காவில் முடிந்தது. பதினொரு மாதத்தில் 180-க்கும் மேற்பட்ட கச்சேரிகள்! பாடகர் புரூஸ் டிக்கின்சன் களைத்தே போனார். அப்புறம் சில மாதம் ஓய்வு. அந்த ஆண்டு வந்தது அதே டூரில் பதிவான லைவ் ஆல்பம்தான். புதுப் பாடல்களுக்கு 1986 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இணையம் வந்து ரெக்கார்டு விற்பனை சரிந்ததும் நிலைமை தலைகீழானது. இப்போது வருமானம் பெரும்பாலும் மேடையில். அங்கே கூட்டம் கேட்பது பழைய பாடல்களை. மெய்டன் கண்டுபிடித்த வழி, ஓர் ஆல்பத்துக்கு இரண்டு டூர். முதலில் புது ஆல்பத்துக்கு ஒன்று. 2006-இல் அந்த ஆண்டு வந்த ஆல்பம் முழுவதையும் மேடையில் வாசித்தார்கள், எவ்வளவு துணிச்சல்! அடுத்தது பழைய பாடல்களுக்கு. 2005, 2008-09, 2012-14, 2018-22 என்று இந்தப் பழம்பாடல் டூர்கள் ஒவ்வொன்றும் இரண்டு ஆல்பங்களுக்கு நடுவில்தான் தொடங்கியிருக்கின்றன. இடைவெளி நீளாமல் என்ன செய்யும்?

டூர் எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு 2008 டூரே சாட்சி. அது மும்பையில்தான் தொடங்கியது. கருவிகளைக் கப்பலில் அனுப்பினால் கண்டம் விட்டுக் கண்டம் போக வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஒரு போயிங் 757-இன் பின்பகுதி இருக்கைகளை எடுத்துவிட்டு டிரம்ஸ், ஆம்ப் எல்லாம் ஏற்றினார்கள். இசைக்குழுவும் ஊழியர்களும் அதே விமானத்தில். ஓட்டியது டிக்கின்சனே! முதல் சுற்றில் இந்தியா, ஆஸ்திரேலியா, ஜப்பான், அமெரிக்கக் கண்டங்கள் எல்லாம் சுமார் ஒன்றரை மாதத்தில் முடிந்தன.

டூர் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2014-இல் பாரிஸில் பதிவுசெய்த ஆல்பம், டிக்கின்சனுக்கு வந்த புற்றுநோய் குணமாகும்வரை காத்திருந்து 2015 செப்டம்பரில் வந்தது. அடுத்ததும் அதே பாரிஸ் ஸ்டூடியோதான். 2019-இலேயே பதிவு முடிந்தும், கொரோனா காலம் தாண்டி 2021-இல்தான் வெளியானது. அதற்கான டூர் கிளம்ப 2023 ஆகிவிட்டது. அதில் 1986 ஆல்பத்தின் பாடல்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அது முடிந்த கையோடு, 2025-இல் ஐம்பதாம் ஆண்டு டூர். 1992 வரையிலான பாடல்கள் மட்டும். டிரம்ஸில் நீண்டகால டிரம்மர் நிக்கோ மெக்பிரெயின் இல்லை. 2023-இல் பக்கவாதம் தாக்கியும் ஒரு முழு டூர் வாசித்துவிட்டுத்தான், 2024 டிசம்பரில் அவர் டூர்களிலிருந்து விடைபெற்றார்.