கல்பிட்டியில் ஒரு ஓய்வு நாள், ஒரு பாட்டில், பதினொரு நண்டுகள்

லட்சத்தீவின் அகத்தியில் பேராமைகளையும் அவை மேயும் கடற்புல்லையும் கணக்கெடுக்கப் போயிருந்தோம். ஒன்பது நாள் தொடர்ந்து தண்ணீரிலேயே வேலை. பத்தாவது நாள் ஓய்வு. விமான ஓடுதளம் முடிகிற தென்முனைக்கு அப்பால் கல்பிட்டி தெரியும். ஆள் குடியில்லாத குட்டித் தீவு. சரி, அங்கே போகலாம் என்று படகேறினோம்.

கரையெல்லாம் துறவி நண்டுகள். இவற்றுக்கு வயிற்றுப் பகுதி மெத்தென்று இருக்கும், ஓடு கிடையாது. அதனால் செத்த நத்தையின் சங்குக்குள் புகுந்துகொண்டு, அதைச் சுமந்தே திரியும். உடம்பு வளர வளரப் பெரிய சங்கு வேண்டும். நல்ல சங்கு ஒன்று கிடைத்தால் சிறிதும் பெரிதுமாக வரிசையில் நின்று, ஒன்று விட்டதை அடுத்தது எடுத்துக்கொள்ளும். நேரில் பார்க்க அவ்வளவு அழகு!

தாழம்புதர் ஓரத்தில் வாய் மேல்நோக்கிச் சாய்ந்த ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தது. உள்ளே பதினொரு நண்டுகள். நிழலும் ஈரமும் தேடி நுழைந்தவை வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் மாட்டிக்கொள்கின்றன. கொடுமை அதற்கப்புறம்தான். ஒரு நண்டு செத்தால் அந்த வாடை ‘இங்கே ஒரு சங்கு காலி’ என்று மற்றவற்றை அழைக்கும். வீடு தேடி வருவது அதே பாட்டிலுக்குள் விழும். இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலுமாக ஏறத்தாழ 5,70,000 நண்டுகள் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

கடற்கரைக்குப் போகிறவர்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். பாட்டிலை விட்டுவராதீர்கள், கிடக்கிற பாட்டிலை எடுத்தால் முதலில் உள்ளே பாருங்கள், கவிழ்த்து உதறிவிட்டு மூடியைப் போட்டு எடுத்து வாருங்கள். அப்புறம், ஞாபகத்துக்கென்று சங்கு பொறுக்காதீர்கள். அலமாரியில் வைக்கும் அந்தச் சங்கு ஒரு நண்டுக்கு வீடு. பவளத் துண்டையும் தொடவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளமும் இருக்கிறது. கல்பிட்டி மணலை உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள், பவளத் தூளும் சிப்பித் துணுக்கும்தான். ஆறு கொண்டுவந்த மண் அங்கே கிடையாது. இவை குவிந்துதான் தீவே உண்டானது.

பாட்டிலைக் கத்தியால் அறுத்துக் கொட்டினேன். மூன்று உயிரோடிருந்தன. ஒரு சிரட்டையில் கொஞ்சம் தண்ணீர் வைத்து நிழலில் விட்டேன். மாலை படகேறும் முன் போய்ப் பார்த்தபோது இரண்டு நகர்ந்து போயிருந்தன. ஒன்று இன்னும் அங்கேயே இருந்தது.